பேட்டரி டிரில் வாங்கும் முன்: திருப்பூர் வாசகருக்குப் பதில்

திருப்பூரிலிருந்து 39 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறார். மாலை நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தெரிந்தவர்களின் வீடுகளுக்குச் சென்று திரைச்சீலைக் கம்பி பொருத்துவது, டிவி மாட்டுவது, சமையலறை அலமாரிகளின் கீல்களைச் சரிசெய்வது போன்ற வேலைகளைச் செய்து தருகிறார். கேட்பவர்கள் பெருகிவிட்டதால் வரும் தை மாதம் வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரத் தொழிலாக்க நினைக்கிறார். அவருடைய மனைவி தன் சீட்டுப் பணத்திலிருந்து 14,000 ரூபாய் தரச் சம்மதித்திருக்கிறார்.

அவரிடம் இப்போது இருப்பது, சுழலும்போதே முன்னோக்கித் தட்டும் சுத்தியல் வசதி இல்லாத, வயர் உள்ள பழைய 10 மி.மீ. டிரில். அண்மையில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பால்கனித் தூணில் துணி காயவைக்கும் கம்பிக்காகத் துளையிடப் போய், துளையிடும் கம்பியான பிட்டின் முனை கருகி, வேலை பாதியில் நின்றிருக்கிறது. வீட்டுக்காரர் முன்னால் கூனிக் குறுகிப்போனதாக எழுதியிருக்கிறார். அதனால் நல்ல பேட்டரி டிரில் ஒன்றை வாங்க முடிவுசெய்து, நான்கு வழிகளை என் முன் வைக்கிறார். இணையக் கடையில் 48 வோல்ட் என்று விற்கப்படும், பெயர் தெரியாத நிறுவனத்தின் செட், இரண்டு பேட்டரியுடன் 2,700 ரூபாய். உள்ளூர்க் கடையில் பாஷ் 12 வோல்ட் செட், 6,500 ரூபாய். அதே கடையில் மகிட்டா அல்லது டீவால்ட் 18 வோல்ட் செட், 13,500 ரூபாய். நான்காவது, நியூஜெர்சியில் இருக்கும் மைத்துனர் பொங்கலுக்கு வரும்போது வாங்கி வருவதாகச் சொல்லும் டீவால்ட் 20 வோல்ட் செட்.

“வோல்ட் கூடினால் சக்தியும் கூடும்தானே? தொழிலுக்காக வாங்கிய பொருள் கெட்டுப்போனால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று கடைக்காரர் சொல்கிறாரே, உண்மையா? கோவையில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கும் ஒன்று கேட்கிறார், எதை வாங்கித் தரலாம்?” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

மின்கருவிகளைப் பிரித்துப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். கடைக்காரர் சொல்லாத சிலவற்றைப் பழுதான கருவிகள் சொல்லிவிடுகின்றன என்பதால் உங்கள் கேள்விகளுக்கு மனம்விட்டுப் பதில் எழுதுகிறேன். மனைவி சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இது. ஒரு ரூபாயும் வீணாகக் கூடாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்தப் பால்கனித் தூண். நீங்கள் அதை ‘டிரில் போதவில்லை’ என்று எடுத்துக்கொண்டீர்கள். 13,500 ரூபாய் கொடுத்து 18 வோல்ட் டிரில் வாங்கியிருந்தாலும் அந்தத் தூணில் நீங்கள் திணறித்தான் இருப்பீர்கள். அங்கே தேவைப்பட்டது வேறு வகைக் கருவி. அதனால் பிராண்டுக்குப் போகும் முன் சுவரைப் பற்றிப் பேசிவிடுவோம்.

எந்தச் சுவரில் எந்தக் கருவி

நம் ஊர் வீடுகளில் செங்கல் சுவர், சாம்பல் கல் சுவர், ஹாலோ பிளாக், புதிய அடுக்குமாடிகளில் எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக், இவற்றோடு தூண், உத்தரம், லிண்டல், மேல்தளம் ஆகிய இரும்புக்கம்பி கட்டிய கான்கிரீட் ஆகியவை இருக்கின்றன. செங்கல்லில் 6 அல்லது 8 மி.மீ. துளை போட, சுத்தியல் வசதியுள்ள நல்ல 12 வோல்ட் பேட்டரி டிரில்லே போதும். ஏ.ஏ.சி. பிளாக்கில் சுத்தியல் வசதியைப் போடவே கூடாது. வெறும் சுழற்சியே துளைத்துவிடும்; தட்டினால் துளை அகன்று, ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் பிடிப்பில்லாமல் சுற்றும். ஹாலோ பிளாக்கிலும் உள்சுவர் உடையாமல் மெதுவாகத்தான் போக வேண்டும்.

கான்கிரீட்டின் கதை வேறு. பேட்டரி டிரில்லில் சுத்தியல் படம் போட்டிருக்கும் இடத்துக்குத் திருப்பினால், உள்ளே பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குகின்றன. நிமிடத்துக்குப் பல ஆயிரம் அடிகள் விழும். ஒவ்வொன்றும் மிகச் சிறியது. நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவுதான் அதன் வேகம். ரோட்டரி ஹேமர் எனப்படும் கருவியில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று அடியை பிட்டின் மேல் இறக்குகிறது. அடிகளின் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொரு அடியும் ஜூல் கணக்கில் அளக்கும்படி வலுவானது. 2 கிலோ வகை ரோட்டரி ஹேமர் ஒன்று 2 ஜூல் அளவில் அடிக்கும். நீங்கள் அழுத்தத் தேவையில்லை, பிடித்துக்கொண்டால் போதும். இதற்கு எஸ்.டி.எஸ். பிளஸ் என்னும் பள்ளம் வெட்டிய தண்டுள்ள பிட் வேண்டும். சாதாரண உருண்டைத் தண்டு பிட் சேராது.

உங்களிடம் இருந்ததோ சுத்தியலே இல்லாத டிரில். கான்கிரீட்டில் வெறும் சுழற்சி வெறும் தேய்ப்புதான். அந்தச் சூட்டில் முனை கருகியதில் வியப்பில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தூணில் பிட் சட்டென்று நின்று, இரும்பு உரசும் ஓசை கேட்டால் அது உள்ளே இருக்கும் கம்பி. அதை அறுத்துக்கொண்டு போகவே கூடாது. இரண்டு மூன்று அங்குலம் தள்ளி வேறு இடத்தில் துளையிடுங்கள். தூணின் கம்பி அந்தக் கட்டடத்தைத் தாங்குகிறது. துணிக்கம்பிக்காக அதைச் சேதப்படுத்தும் உரிமை நமக்கு இல்லை.

48 வோல்ட் என்னும் கணக்கு

இப்போது உங்கள் முதல் கேள்வி. லித்தியம் செல் ஒன்றின் இயல்பு அழுத்தம் ஏறக்குறைய 3.6 வோல்ட், முழுக்கச் சார்ஜ் ஏறியதும் 4.2 வோல்ட். ஐந்து செல்களை வரிசையாகக் கோத்தால் இயல்பில் 18, முழுச் சார்ஜில் 21. டீவால்ட் அமெரிக்காவில் ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று விற்பதும் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்று விற்பதும் இதே ஐந்து செல் பேட்டரிதான். அதுபோல, 12 வோல்ட் என்று பாஷ் எழுதுவது மூன்று செல், இயல்பில் 10.8 வோல்ட். முன்பு அதே பேட்டரியை 10.8 என்றே விற்றார்கள். இதில் மோசடி எதுவும் இல்லை. ஒருவர் இயல்பு அளவைச் சொல்கிறார், இன்னொருவர் உச்ச அளவைச் சொல்கிறார். ஆகவே மைத்துனரின் 20 வோல்ட், கடையில் பார்த்த 18 வோல்ட்டைவிட உயர்ந்தது இல்லை.

48 வோல்ட் செட்டை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். உண்மையாகவே 48 வோல்ட் வேண்டுமென்றால் 13 செல்கள் வேண்டும். செல் ஒன்று சுமார் 45 கிராம் என்றால் செல் எடை மட்டுமே அரைக் கிலோவைத் தாண்டும். கைக்குள் அடங்கும் அந்தச் சிறிய பேட்டரிக்குள் அத்தனை செல்களுக்கு இடம் ஏது? விளம்பரப் படத்தில் சார்ஜரின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளியீடு 21 வோல்ட் என்றிருந்தால் அது ஐந்து செல் பேட்டரி. சார்ஜர் பொய் சொல்ல முடியாது. சொன்னால் பேட்டரி கெட்டுவிடும்.

இந்த வகை செட்டை வாங்கியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. பலரிடம் அந்தப் பணம்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் என் மேசைக்குக் கொண்டுவரும்போது நான் பார்ப்பது இதுதான்: மோட்டார் நன்றாகவே இருக்கும், கியரும் இருக்கும், பேட்டரியில் ஒரு செல் செத்திருக்கும். செல்களைச் சமன்செய்யும் மின்னணுப் பலகை உள்ளே சரியாக இருக்காது. அதே பேட்டரி மறுபடி கிடைக்காது, ஏனென்றால் அந்தப் பெயரில் விற்றவரே இப்போது வேறு பெயரில் வேறு வடிவத்தை விற்றுக்கொண்டிருப்பார். உயிருள்ள மோட்டாரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாத நிலை. நாளொன்றுக்கு நான்கு வீடு ஏறி இறங்கப்போகிறவர் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

பிராண்டு வாங்குகிறோமா, பேட்டரி வாங்குகிறோமா

பேட்டரி டிரில்லைப் பொறுத்தவரை நீங்கள் தேர்ந்தெடுப்பது ஒரு பேட்டரிக் குடும்பத்தை. இன்று டிரில், நாளை ஸ்க்ரூ முடுக்கும் இம்பாக்ட் டிரைவர், அடுத்து ஜிக்சா என்று போகும்போது, பேட்டரியும் சார்ஜரும் இல்லாத வெறும் கருவியாக வாங்கினால் விலை வெகுவாகக் குறையும். ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொன்றில் பொருந்தாது. ஒரே நிறுவனத்துக்குள்ளேயும் பொருந்தாத இடங்கள் உண்டு. பலர் ஏமாறுவது அங்கேதான்.

பாஷ் நிறுவனம் 1886இல் ஷ்டுட்கார்ட்டில் தொடங்கியது. அவர்களுடைய நீல நிறக் கருவிகள் தொழிலுக்கு, பச்சை நிறக் கருவிகள் வீட்டுக்கு. நீல 18 வோல்ட் பேட்டரி பச்சைக் கருவியில் சேராது, பச்சை பேட்டரி நீலத்திலும் சேராது. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் நீலமே கிடைக்கிறது என்றாலும் இணையத்தில் வாங்கும்போது நிறத்தைக் கவனியுங்கள். பெயரின் முன்னெழுத்துகளும் உதவும். ஜி.எஸ்.ஆர். என்றால் சுத்தியல் இல்லாதது, ஜி.எஸ்.பி. என்றால் சுத்தியல் உள்ளது, ஜி.பி.எச். என்றால் நான் மேலே சொன்ன ரோட்டரி ஹேமர். உங்களுக்கு வேண்டியது ஜி.எஸ்.பி. இந்த நிறுவனத்தை நான் மதிப்பதற்கு முக்கியக் காரணம் உதிரிபாகம். கார்பன் பிரஷ், சுவிட்சு, பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக் என எதைக் கேட்டாலும் அலையாமல் வாங்க முடிகிறது. அன்றாடம் கருவியை நம்பிப் பிழைப்பவருக்கு அது பெரிய விஷயம்.

மகிட்டா 1915இல் நகோயாவில் மோட்டார் விற்பனையும் பழுதுபார்ப்பும் செய்யும் கடையாகத் தொடங்கியது. 1969இலேயே பேட்டரி டிரில் ஒன்றை வெளியிட்டவர்கள். 2005இல் வந்த அவர்களுடைய எல்.எக்ஸ்.டி. 18 வோல்ட் பேட்டரியின் பொருத்தும் வடிவம் இன்றும் மாறவில்லை. இருபது வருடங்களாக ஒரே வடிவத்தைக் காப்பாற்றுவதை நான் நேர்மை என்றே சொல்வேன். சமநிலை, கைப்பிடியின் வாகு, சத்தம் எல்லாவற்றிலும் என் கைக்கு மகிட்டா பிடிக்கும். ஆனால் விலை குறைந்த வகைகளில் ‘ஜி’ தொடர் என்று தனி 18 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. அது எல்.எக்ஸ்.டி. கருவிகளில் பொருந்தாது. உங்கள் கடையில் சொன்ன 13,500 ரூபாய் செட் எந்த வகை என்று பேட்டரியின் மேல் இருக்கும் எழுத்தைப் படித்துப் பாருங்கள். கருவியின் மாடல் பெயர் டி.டி.எஃப். என்று தொடங்கினால் சுத்தியல் இல்லை, டி.எச்.பி. என்றால் உண்டு.

டீவால்ட் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1924இல் மர அறுவை இயந்திரத்துடன் தொடங்கியது. 1960இல் பிளாக் அண்ட் டெக்கர் அதை வாங்கியது. 2010இல் அந்த நிறுவனம் ஸ்டான்லியுடன் இணைந்தது. இன்று டீவால்ட், ஸ்டான்லி, பிளாக் அண்ட் டெக்கர் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஆனால் பேட்டரியைப் பங்கிட்டுக்கொள்வதில்லை. ‘எல்லாம் ஒரே கம்பெனிதான் சார்’ என்று கடைக்காரர் சொன்னால் அங்கேயே பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். டீவால்ட் முரட்டு வேலைக்கு ஏற்றது. கீழே விழுந்தாலும் தாங்கும் உடல். சன்னல் நிலை, தேக்குக் கட்டை, இரும்புச் சட்டம் என்று நாள் முழுவதும் உழைப்பவர்கள் அதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது.

ஹில்டி, மில்வாக்கி போன்றவை கட்டுமான நிறுவனங்களின் அளவுக்கு விலையுள்ளவை; உங்கள் பட்டியலில் அவை இல்லாதது சரிதான். இன்கோ போன்ற இடைநிலை விலைக் கருவிகள் பெயரற்ற செட்டைவிட நிச்சயம் மேல். திருப்பூரில் அதற்குப் பேட்டரி தனியாகக் கிடைக்கிறதா, பழுதுபார்க்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னும் இரண்டு எண்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முறுக்குவிசையைப் பெட்டியில் நியூட்டன் மீட்டரில் போடுவார்கள். கடினமான பொருளில் அளந்த எண் பெரிதாகவும், மென்மையான பொருளில் அளந்தது சிறிதாகவும் இருக்கும். பெட்டியின் முகப்பில் வருவது பெரிய எண். ஒப்பிடும்போது ஒரே வகை எண்களை ஒப்பிடுங்கள். கார்பன் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாருக்கு அதிக விலை கொடுக்கலாமா என்றால், நாள் முழுக்க ஓட்டுபவர் கொடுக்கலாம். ஒரே சார்ஜில் கூடுதல் வேலை நடக்கும், சூடு குறைவு. ஆனால் அதன் மின்னணுப் பலகை போனால் செலவு பெரிது. கார்பன் பிரஷ் உள்ள மோட்டாரில் பிரஷ் தேய்ந்தால் சிறு தொகையில் மாற்றிவிடலாம்.

என் கருத்து: 12 வோல்ட்

உங்கள் வேலைப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கீல், திரைச்சீலைக் கம்பி, டிவி, அலமாரி. இதில் பெரும்பகுதி ஸ்க்ரூ முடுக்குவது. மீதி செங்கல்லில் சிறு துளை. நாற்காலி மேல் நின்று தலைக்கு மேல் கை தூக்கிச் செய்யும் வேலை வேறு. அங்கே ஒரு கிலோ எடையுள்ள கருவிக்கும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும் கருவிக்கும் உள்ள வித்தியாசம் மாலையில் தோள்பட்டையில் தெரியும். சமையலறை அலமாரிகள் பெரும்பாலும் மரத்துகள் பலகையில் செய்யப்படுகின்றன. 18 வோல்ட் டிரில்லின் முழு வேகத்தில் ஸ்க்ரூவை முடுக்கினால் பலகையின் துளை பொடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் கீல் நிற்காது. சக்குக்குப் பின்னால் எண்கள் போட்ட வளையம் இருக்கிறதே, அதுதான் கிளட்ச். சிறிய எண்ணில் தொடங்கி, ஸ்க்ரூத் தலை பலகையோடு சமமாகும் எண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆகவே உங்கள் பணத்தைப் பிரித்துச் செலவிடச் சொல்வேன். 6,500 ரூபாய்க்கு நீங்கள் பார்த்த பாஷ் 12 வோல்ட் செட்டை, சுத்தியல் வசதியுள்ளதா, இரண்டு பேட்டரிகள் இருக்கின்றனவா என்று உறுதிசெய்து வாங்குங்கள். கான்கிரீட் வேலை வரும் நாளில் வயர் உள்ள ரோட்டரி ஹேமரை நாள் வாடகைக்கு எடுங்கள். அந்த வாடகையை வேலைக்கான கூலியில் முன்கூட்டியே சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்ட வேலை அடிக்கடி வரத் தொடங்கினால், மீதமிருக்கும் பணத்தில் 2 கிலோ வகை ரோட்டரி ஹேமர் ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்து உங்கள் 14,000 ரூபாய்க்குள் அடங்கப் பாருங்கள். நல்ல கார்பைடு முனை பிட்டுகள், கண் கண்ணாடி, செங்கல் தூசிக்கு முகமூடி, சுவருக்குள் ஓடும் மின்வயரைக் கண்டறியும் சிறு கருவி ஆகியவற்றுக்கும் கொஞ்சம் ஒதுக்கியாக வேண்டும். சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளையிடவே வேண்டாம். வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும்.

18 வோல்ட் எப்போது சரி? நிலைக்கதவுக்குப் பூட்டுத் துளை வெட்டுவது, தேக்கில் நீள ஸ்க்ரூ இறக்குவது, இரும்புச் சட்டத்தில் துளையிடுவது போன்றவை உங்கள் வேலையில் பாதியைத் தொட்டால் யோசிக்காமல் 18க்குப் போங்கள். தை வரை அவகாசம் இருக்கிறது. அதுவரை செய்த ஒவ்வொரு வேலையையும், எந்தப் பொருளில் எத்தனை துளை என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அந்த நோட்டு என்னைவிட நன்றாகப் பதில் சொல்லும். 12 வாங்கிவிட்டு ஒரு வருடத்தில் 18 வாங்க நேர்ந்தால் முதல் பணம் போய்விடுமே என்று தோன்றலாம். போகாது. இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றில் பிட்டும் மற்றொன்றில் ஸ்க்ரூ முனையும் மாட்டியே வேலை செய்யும் தச்சர்கள் நிறையப் பேர்.

கடையில் ‘இம்பாக்ட்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு கருவிகளைக் காட்டுவார்கள். இம்பாக்ட் டிரில் முன்னோக்கித் தட்டும், சுவருக்கானது. இம்பாக்ட் டிரைவர் சுழலும் திசையில் தட்டும், ஸ்க்ரூவுக்கானது. அதில் மூன்று தாடைச் சக் இருக்காது, அறுகோணத் துளை மட்டும் இருக்கும். மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

மைத்துனரின் அன்பளிப்பு

அவருக்கு நன்றி சொல்லி, செட்டாக வாங்கி வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்க சார்ஜர் 120 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்தது. நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகிய நொடியே கருகும். பிளக் மாற்றி மட்டும் மாட்டுவது ஆபத்து. அழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வைக்கலாம், ஆனால் வாடிக்கையாளர் வீடுகளுக்கு அதையும் சுமந்து செல்ல வேண்டும். உத்தரவாதமும் பொதுவாக வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். பின்னாளில் நீங்கள் டீவால்ட் குடும்பத்துக்குப் போவதாக இருந்தால், பேட்டரி இல்லாத வெறும் கருவியை அவர் வாங்கி வரட்டும். அங்கே 20 என்று விற்பதும் இங்கே 18 என்று விற்பதும் ஒன்றிலொன்று பொருந்தும். சார்ஜரையும் பேட்டரியையும் இங்கே வாங்கிக்கொள்ளலாம். எப்படியும் பேட்டரி கொண்டுவருவதாக இருந்தால், கருவியில் மாட்டாத லித்தியம் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள். விமானத்தின் சரக்குப் பெட்டியில் போடும் பையில் அதற்கு அனுமதி இல்லை.

கடைக்காரர் சொன்ன சட்டம்

அவர் சொன்னது பாதி உண்மை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை நுகர்வோர் என்று கருதுவதில்லை. ஆனால் அதே சட்டத்தின் பிரிவு 2(7) ஒரு விளக்கத்தைச் சேர்த்திருக்கிறது: சுயதொழில் மூலம் தன் பிழைப்பை நடத்துவதற்காகவே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள், வணிக நோக்கத்தில் சேராது. நீங்களே சுமந்து சென்று நீங்களே துளையிடும் டிரில் இந்த விளக்கத்துக்குள் வருகிறது. இதை ஒரு வழக்கறிஞர் நண்பரிடமும் உறுதிசெய்துகொண்டே எழுதுகிறேன். நாளை பத்து ஆட்களை வைத்து ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனமாக வளர்ந்து, அவர்களுக்காகக் கருவிகள் வாங்கினால் நிலைமை மாறலாம்.

பழுதான பொருளை மாற்றித் தர மறுத்தால் முதலில் எழுத்து மூலம் கேளுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க 2019 சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் அடிப்படை உங்கள் பெயரில் உள்ள பில். கருவியின் வரிசை எண் பில்லில் இருக்கட்டும். வாங்கிய சில நாட்களுக்குள் நிறுவனத்தின் தளத்தில் பதிவுசெய்தால் உத்தரவாதக் காலத்தை நீட்டித் தருபவர்கள் உண்டு, கேட்டுச் செய்துவிடுங்கள். பேட்டரிக்கும் கருவிக்கும் உத்தரவாதக் காலம் வேறுபடலாம். வீட்டு உபயோக வகைக் கருவிகளின் அட்டையில் ‘தொழில்முறைப் பயன்பாட்டுக்கு உத்தரவாதம் இல்லை’ என்று சிறு எழுத்தில் இருக்கக்கூடும். அது உங்களை நேராகப் பாதிக்கும் வரி. பெட்டியின் மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் தெரிவிக்கும் தொடர்பு ஆகியவை இருக்க வேண்டியது சட்டப்படி கட்டாயம். இவை இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் கைவைக்காதீர்கள்.

பேட்டரியின் ஆயுள் உங்கள் கையில்

திருப்பூர் வெயிலில் ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் பேட்டரியை விட்டுவிட்டுப் போவதுதான் அதைக் கொல்லும் முதல் வழி. வேலை முடித்துச் சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜரில் போடாமல் ஆறவிடுங்கள். டிரில் திணறத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு மாற்று பேட்டரியைப் போடுங்கள். விசையை மீண்டும் மீண்டும் அழுத்திக் கடைசிச் சொட்டைப் பிழிய வேண்டாம். உப்பிய, விரிசல் விட்ட பேட்டரியைச் சார்ஜ் செய்யவே கூடாது. அதைக் குப்பையில் போடாமல் சேவை மையத்தில் ஒப்படையுங்கள். வெளியே செல் மாற்றித் தருபவர்களிடம் கொடுக்க நேர்ந்தால், எல்லாச் செல்களையும் ஒரே வகையில் ஒரே நேரத்தில் மாற்றச் சொல்லுங்கள். செத்த ஒன்றை மட்டும் மாற்றினால் பழையவை புதியதையும் இழுத்துக்கொண்டு போகும்.

கோவை அக்காவுக்கு

வீட்டுக்காக வருடத்தில் சில துளைகள் போடுகிறவருக்கு நான் முதலில் சொல்வது வயர் உள்ள, சுத்தியல் வசதியுடைய 500 வாட் அளவிலான டிரில். பேட்டரி டிரில் அலமாரியில் ஒரு வருடம் சும்மா கிடந்தால் மெல்ல மெல்லச் சார்ஜ் இறங்கி, தேவைப்படும் நாளில் எழுந்திருக்காமல் போகலாம். வயர் டிரில்லுக்கு அந்தக் கவலை இல்லை. பத்து வருடம் கழித்து எடுத்தாலும் ஓடும், விலையும் குறைவு. பாஷ், பிளாக் அண்ட் டெக்கர், ஸ்டான்லி என எதை வாங்கினாலும் வீட்டுக்குப் போதுமானது. பேட்டரி வகைக்குப் பிள்ளையார்சுழி போட்டது பிளாக் அண்ட் டெக்கர் என்பதற்காக, 1961இல் முதல் பேட்டரி டிரில்லை வெளியிட்ட அந்தப் பெயரைப் பலர் தேடி வாங்குகிறார்கள், அதில் தவறில்லை.

ஆனால் உங்கள் அக்காவே கையில் எடுத்து வேலை செய்யப்போகிறாரா, மாப்பிள்ளையோ பிள்ளைகளோ செய்யப்போகிறார்களா என்று கேளுங்கள். ஏணியில் நின்று வயரை இழுத்துக்கொண்டு வேலை செய்ய அவருக்குத் தயக்கமாக இருந்தால், நீங்கள் வாங்கும் அதே பாஷ் 12 வோல்ட் செட்டையே அவருக்கும் வாங்கிக் கொடுங்கள். சுத்தியல் உள்ளதாக இருக்கட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பேட்டரியை வெளியே எடுத்துப் பாதியளவாவது சார்ஜ் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். அவசரத்துக்கு அவருடைய பேட்டரி உங்களுக்கும், உங்களுடையது அவருக்கும் உதவும்.